கரண்டி யார் கையில்? மறதிநோய் முற்றிய சீன முதியோரின் உணவும் குடும்பத்தின் முடிவும்

1. கேள்வி

மறதிநோய் முற்றியவர்களுக்குச் சாப்பாடு ஒரே நாளில் சிக்கலாகிவிடுவதில்லை. முதலில் கரண்டி எதற்கு என்பது மறக்கிறது. பிறகு வாயில் வைத்த சோறு கன்னத்திலேயே தங்குகிறது. மெல்லவும் விழுங்கவும் பக்கத்திலிருப்பவர் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கடைசியில் தொண்டைத் தசைகளின் ஒழுங்கே கெட்டு, விழுங்கியது மூச்சுக்குழாய்க்குள் புரையேறுகிறது. எடை இறங்குகிறது, காய்ச்சல் வருகிறது, மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அங்கே குடும்பத்தாரிடம் கேட்கிறார்கள்: மூக்கு வழியாகக் குழாய் போடலாமா?

சீனக் குடும்பங்கள் இந்தக் கேள்வியை எப்படி எதிர்கொள்கின்றன, அவர்களுக்கு எந்த உதவி பயன்படும் என்பதே இக்கட்டுரையின் பொருள். சீனப் பெருநிலத்தில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் ஒன்றரைக் கோடிப் பேருக்கு, அதாவது 6 விழுக்காட்டினருக்கு, மறதிநோய் இருப்பதாக 2020இல் லான்செட் குழுமத்தின் பொதுச் சுகாதார இதழில் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஹாங்காங், தைவான், சிங்கப்பூர், வட அமெரிக்கச் சீனர்கள் இக்கணக்கில் சேரவில்லை. மேலை நாடுகளில் நீண்டகாலக் குழாய் என்றால் பெரும்பாலும் வயிற்றில் துளையிட்டு வைப்பதையே சொல்வார்கள். ஹாங்காங்கிலும் தைவானிலும் பெருநிலத்திலும் மூக்குக் குழாயே வழக்கம். அறுவை வேண்டாம், உடனே போடலாம், உடம்பில் துளை விழாது என்பன அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். ஆனால் அது உறுத்தும். சித்தம் தெளியாத முதியவர் அதைப் பிடுங்கப் பார்ப்பார். பிடுங்காதிருக்கக் கைகளுக்குத் தடித்த உறை மாட்டுவார்கள். சில இடங்களில் கைகளைக் கட்டிலோடு கட்டுவதும் உண்டு.

இதைப் பற்றிய எழுத்துகளில் ஒரு வாய்ப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. குழாயால் நன்மை இல்லை என்று மருத்துவச் சான்று சொல்கிறதாம். பிள்ளைக்கடனில் ஊறிய சீனக் குடும்பம் அதை ஏற்க மறுக்கிறதாம். ஆகவே குடும்பத்துக்குச் சரியான தகவலைக் கொடுத்தால் போதுமாம். இதில் பாதி உண்மை இருக்கிறது. சான்று சொல்லப்படும் அளவுக்கு உறுதியானதல்ல. சீன மரபும் ஒரே குரலில் பேசுவதல்ல. ஊட்டும் கை யாருடையது, அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, முடிவைப் பேசும் அறையில் அதற்கு இடமுண்டா என்ற மூன்றாவது விஷயமோ வாய்ப்பாட்டுக்குள் வருவதே இல்லை. முடிவைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது அதுதான் என்பது என் வாதம்.

2. சான்று எவ்வளவு உறுதியானது?

வயிற்றுக் குழாயை எளிய முறையில் வைக்கும் நுட்பத்தை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கௌடரர், பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் முதன்முதலில் ஒரு கைக்குழந்தைக்குச் செய்தார்கள். குழந்தைகளுக்கென்று பிறந்த அந்த நுட்பம் இருபது ஆண்டுகளுக்குள் முதியோர் இல்லங்களுக்குப் பரவியது. அது பயன் தருகிறதா என்று யாரும் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை. 1999இல் ஃபினுகேனும் உடனாய்வாளர்களும் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து எழுதிய கட்டுரைதான் முதல் பெரிய எச்சரிக்கை. மறதிநோய் முற்றியவர்களின் ஆயுளைக் குழாய் நீட்டுவதாகவோ, புரையேறி வரும் நிமோனியாவைத் தடுப்பதாகவோ, படுக்கைப் புண்ணை ஆற்றுவதாகவோ அவர்களுக்குத் தடயம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு கில்லிக் என்ற மருத்துவர் இதையொட்டிய வாதத்தை முன்வைத்தார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் வெளியிட்ட நிலைப்பாடு, இத்தகையவர்களுக்குக் குழாயைப் பரிந்துரைக்கவில்லை. கவனமாகக் கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கிறது.

நிமோனியா பற்றிய தர்க்கத்தைக் குடும்பங்களுக்கு விளக்குவதுதான் கடினம். உணவு நேரே வயிற்றுக்குப் போனால் புரையேறாது என்பது பொதுப்புத்திக்குச் சரியாகவே படும். ஆனால் எச்சில் தொண்டை வழியாகத்தான் இறங்குகிறது. அதிலுள்ள கிருமிகள் நுரையீரலுக்குப் போவதைக் குழாய் தடுக்காது. வயிற்றில் நிரம்பிய திரவம் மேலேறி வருவதையும் அது தடுக்காது. மூக்குக் குழாயோ உணவுக்குழாயின் வாயிலை எப்போதும் சற்றுத் திறந்தே வைத்திருக்கிறது. பல் துலக்கி வாயைச் சுத்தமாக வைத்தால் முதியோர் இல்லங்களில் நிமோனியா குறைகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள். விலை குறைந்த இந்த வழி குழாய் பற்றிய பேச்சுகளில் அரிதாகவே இடம்பெறுகிறது.

இந்தச் சான்றுகளின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். குலுக்கல் முறையில் ஒரு பிரிவுக்குக் குழாயும் மறு பிரிவுக்குக் கரண்டியும் ஒதுக்கிச் செய்த ஆய்வு ஒன்றுகூட இல்லை. மருத்துவ ஆய்வுகளை முறையாகத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2009இலும் 2021இலும் இதையே கண்டது. கிடைப்பவையெல்லாம் நடந்ததைப் பின்னர் எண்ணிப் பார்த்த ஆய்வுகள். நோய் அதிகமானவர்களுக்கே குழாய் போடப்பட்டிருந்தால், விளைவு மோசமாக இருந்ததற்குக் காரணம் நோயா குழாயா என்று பிரிக்க முடியாது. மேலும் அவற்றில் பெரும்பாலானவை வயிற்றுக் குழாய் பற்றியவை. ஜப்பானிலிருந்து வந்த சில ஆய்வுகளில், குழாயுள்ளவர்கள் நீண்ட காலம் வாழ்ந்ததாகவும் தெரிகிறது. அவற்றை ஒதுக்கிவிட்டு 'பயனில்லை என்று நிரூபிக்கப்பட்டுவிட்டது' என்று பேசுவது நேர்மையாகாது.

சீனக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் சான்று ஹாங்காங்கிலிருந்து வந்தது. மறதிநோய் முற்றிய 700க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, மூக்குக் குழாயுள்ளவர்களுக்குக் கையால் ஊட்டப்பட்டவர்களைவிட நிமோனியா அதிகம் வந்ததைக் கண்டது. ஆயுளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதுவும் பின்னோக்கிய ஆய்வுதான். ஆனாலும் இந்த மண்ணில், இந்தக் குழாயைப் பற்றி எழுந்த கேள்விக்கான விடை என்பதால் அமெரிக்க எண்களைவிட இதற்கு எடை கூடுதல்.

'பசியால் துடிப்பாரே' என்ற அச்சம் தனி. மிட்செலும் குழுவினரும் பாஸ்டன் பகுதி முதியோர் இல்லங்களில் மறதிநோய் முற்றிய 323 பேரை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, அக்காலத்தில் உண்பதில் சிக்கல் வரும் வாய்ப்பு 86 விழுக்காடாக இருந்தது. பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். உண்ண முடியாமை இந்நோயின் இறுதிக் கட்டத்தோடு சேர்ந்தே வருகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. பட்டினி என்று நாம் அஞ்சுவது பெரும்பாலும் நோய் போகும் வழியின் ஓர் அடையாளம். நெதர்லாந்தில் 2005இல் வெளியான ஓர் ஆய்வு, செயற்கை உணவு வேண்டாமென்று முடிவு செய்யப்பட்ட மறதிநோயாளிகளின் அவதி நாளடைவில் கூடவில்லை, குறைந்தது என்று பதிவு செய்தது. ஆனால் அவதியை அளந்தவர்கள் பார்வையாளர்கள். நோயாளியால் சொல்ல முடியாது. இந்த இடைவெளியை எந்த ஆய்வும் முழுதாக நிரப்பப் போவதில்லை.

3. 'பண்பாடு' என்ற விளக்கம்

சீன வாழ்வில் உணவுக்குள்ள இடத்தை யாரும் மறுக்க முடியாது. சாப்பிட்டாயிற்றா என்பதே பழைய தலைமுறையின் நலவிசாரிப்பு. பசியோடு செத்தவர் பசித்த பேயாக அலைவார் என்ற நம்பிக்கைக்கு ஆண்டுதோறும் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் ஒரு திருவிழாவே உண்டு. இன்று எண்பது, தொண்ணூறு வயதில் மறதிநோயோடு இருக்கும் பெருநிலச் சீனர்கள் 1959 முதல் 1961 வரையிலான பெரும்பஞ்சத்தை நேரில் பார்த்தவர்கள். அந்தத் தலைமுறையின் பிள்ளைகளிடம் 'ஊட்டுவதை நிறுத்தலாம்' என்பதுபோல் காதில் விழும் எந்தப் பேச்சும் வேறொரு பொருளைக் கொள்ளும்.

ஆனால் இங்கிருந்து 'ஆகவே சீனர் குழாயையே விரும்புவர்' என்று தாவுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பெற்றோருக்கு ஊட்டுவது என்பதைப் பற்றி அந்த மரபு தனக்குள்ளேயே நெடுங்காலமாகச் சண்டையிட்டு வந்திருக்கிறது. கன்ஃபூசியஸின் உரையாடல் நூலில், பெற்றோருக்கு உணவளிப்பதையே பிள்ளைக்கடன் என்று எண்ணுவோரைப் பற்றி ஆசான் குறைபட்டுக்கொள்கிறார். வீட்டு விலங்குகளுக்கும் தீனி போடுகிறோமே, மரியாதை இல்லாவிட்டால் வேறுபாடு என்ன என்பது அவர் கேள்வி. அவர் வழிவந்த சிந்தனையாளர் மென்சியஸ் இதை ஒரு குடும்பக் கதையாக்குகிறார். ஸெங்ஸி தன் தந்தைக்குச் சாராயமும் இறைச்சியும் படைப்பார். சாப்பிட்டு முடிந்ததும் மிச்சத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்பார். மிச்சம் இருக்கிறதா என்று தந்தை கேட்டால், இருக்கிறது என்பார். பின்னாளில் ஸெங்ஸியின் மகனும் அவருக்கு அதே சாராயத்தையும் இறைச்சியையும் படைத்தான். யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்கவில்லை. மிச்சம் உண்டா என்றால், இல்லை என்றான், மறுவேளைக்கு எடுத்து வைக்கலாமே என்று. உணவு இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். மகன் பேணியது வாயையும் உடலையும், ஸெங்ஸி பேணியது தந்தையின் மனத்தை என்பது மென்சியஸின் தீர்ப்பு.

குழாய் பற்றிய விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழங்கதை எங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. பாலாடை நிறத் திரவம் குழாயில் இறங்கும்போது உடல் பேணப்படுகிறது. எதை முதலில் தரட்டும், போதுமா என்று கேட்பதற்கு இடமில்லாமல் போகிறது. ஆனால் இதைக் கையில் எடுத்துக்கொண்டு 'பாருங்கள், மென்சியஸே குழாய்க்கு எதிர்' என்று குடும்பத்திடம் சொல்ல முடியாது. ஸெங்ஸியின் தந்தை மனத்தில் உள்ளதைச் சொல்லக்கூடியவர். மறதிநோய் முற்றியவர் உதடுகளை இறுக மூடிக்கொண்டால் அது மறுப்பா, அல்லது கரண்டி என்பது இன்னதென்று அறியாத நோயின் குறியா? தினமும் ஊட்டுபவருக்குத்தான் ஓரளவு தெரியும். கீழுதட்டைத் தொட்டால் வாய் திறக்கிறதா, இனிப்பைத் தந்தால் ஏற்கிறாரா, காலையில் திறக்காத வாய் மாலையில் திறக்கிறதா என்று அவர்தான் பார்க்கிறார். மரபு இங்கே விடை எதுவும் தரவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது.

யுவான் வம்சக் காலத்தில் குவோ ஜுஜிங் தொகுத்ததாகச் சொல்லப்படும் இருபத்து நான்கு உத்தமப் பிள்ளைகளின் கதைகளிலும் உணவே நிறைந்திருக்கிறது. சிற்றன்னைக்கு மீன் வேண்டுமென்று ஒருவன் பனிக்கட்டியின்மேல் படுக்கிறான். நோயுற்ற தாய்க்கு மூங்கில் குருத்து வேண்டுமென்று மற்றொருவன் குளிர்காலத் தோப்பில் அழுகிறான். பல்லெல்லாம் போன மாமியாருக்கு நாள்தோறும் தாய்ப்பால் கொடுத்த ஒரு மருமகளும் அவற்றில் உண்டு. அந்தக் கதையைப் படிக்கும்போது எனக்குச் சங்கடமும் வியப்பும் சேர்ந்தே எழுகின்றன. வாய் எதைத் தாங்குமோ அதைக் கொடுத்தாள் என்ற அளவில் அவள் இன்றைய விழுங்கல் சிகிச்சையாளரின் முன்னோடி. தாய்க்குச் சோறு மிச்சமாக வேண்டுமென்று சொந்தக் குழந்தையைப் புதைக்கத் துணிந்த குவோ ஜுவின் கதையும் அதே தொகுப்பில் இருக்கிறது. எழுத்தாளர் லூ சுன் 1926இல் அந்தக் கதைகளின் படப் புத்தகத்தைப் பற்றி எழுதியபோது, சிறுவயதில் அதைப் பார்த்துவிட்டுத் தன் தந்தையும் உத்தமப் பிள்ளையாகிவிடுவாரோ என்று நடுங்கியதைச் சொல்கிறார். நூறாண்டுகளாகச் சீனர்களே கேள்வி கேட்டுவரும் ஒரு மரபை, மாறாத பண்பாடு என்று ஆய்வுக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருப்பது விந்தைதான்.

இன்னொரு கதை. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனரைச் சீனர் மூலியன் என்பார்கள். பசித்த பேயாகப் பிறந்துவிட்ட தாயிடம் அவர் சோற்றுக் கிண்ணத்தோடு போகிறார். வாயருகே போனதும் சோறு தணலாகிவிடுகிறது. புத்தர் சொல்லும் வழி, ஒரு மகனின் வலிமை இதற்குப் போதாது, துறவியர் கூட்டம் முழுவதும் சேர வேண்டும் என்பது. ஏழாம் மாதத் திருவிழாவோடு பின்னிக் கிடக்கும் இந்தக் கதையைப் பிள்ளைக்கடனின் பெருமைக்காகவே சொல்வார்கள். பிள்ளை ஒருவனால் முடியாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

4. ஊட்டும் கை

கவனமாக ஊட்டுவது என்றால் என்ன? உட்கார வைக்க வேண்டும். கழுத்து பின்னால் சாயக்கூடாது. கண் மட்டத்தில் அமர்ந்து, சிறு கரண்டியில் அளவாக எடுத்து, முதல் வாய் இறங்கிவிட்டதா என்று தொண்டையைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் வாயைத் துடைத்து, சற்று நேரம் படுக்க விடாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு வேளைக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும்.

இதை ஹாங்காங்கின் முதியோர் இல்லச் சட்டத்தோடு வைத்துப் பார்க்கலாம். 2023இல் திருத்தப்படும்வரை நெடுங்காலம் இருந்த விதியின்படி, பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்கான இல்லங்களில் பகல் வேளையில் 20 பேருக்கு ஒரு பராமரிப்புப் பணியாளர் இருந்தால் போதுமானதாக இருந்தது. அந்த 20 பேரில் ஆறு பேருக்கு மட்டும் 40 நிமிடம் ஊட்ட வேண்டுமென்றால், ஒரே வேளைக்கு நான்கு மணி நேரம். குழாயில் ஊற்றுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டாம். இல்லத்தின் தரப்பில் குழாய் விரும்பத்தக்கதாகத் தோன்ற கன்ஃபூசியஸ் தேவையில்லை; இந்தப் பெருக்கல் கணக்கு போதும். மருத்துவமனையிலிருந்து திரும்பும் முதியவரை ஏற்க இல்லம் தயங்கும்போது குடும்பம் குழாய்க்குச் சம்மதிக்கிறது. அந்தச் சம்மதமும் பின்னர் 'பண்பாட்டு விருப்பம்' என்ற கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

நாடுகளின் வரலாறும் இதற்கு ஆதரவாகவே இருக்கிறது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் மறதிநோய் முற்றி உண்ணும் திறனை இழந்தவர்களில் குழாய் வைக்கப்பட்டோர் 2000இல் 11.7 விழுக்காடு, 2014இல் 5.7. பதினான்கு ஆண்டுகளில் பாதியாகக் குறைந்தது. கறுப்பின முதியோரிடையே அது வெள்ளையரைவிடத் தொடக்கம் முதல் முடிவுவரை பல மடங்கு உயர்வாகவே இருந்தது. ஆகவே இது சீனர்க்கு மட்டும் உரிய குணம் என்று சொல்வதற்கில்லை. கன்ஃபூசிய மரபின் செல்வாக்குள்ள ஜப்பானில் வயிற்றுக் குழாய் மிகப் பரவலாக இருந்தது. 2012இல் அந்நாட்டு முதியோர் மருத்துவச் சங்கம், நோயாளிக்கு நன்மை தராவிட்டால் குழாயைத் தவிர்க்கவும் நிறுத்தவும் கருதலாம் என்று அறிவித்தது. 2014 கட்டணத் திருத்தத்தில் அதை வைப்பதற்கான மருத்துவக் கட்டணம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. மாறியவை வழிகாட்டலும் கட்டணமும்தான்; பிள்ளைக்கடன் அந்த இரண்டு ஆண்டுகளில் மாறிவிடவில்லை.

குடும்பப் பராமரிப்பாளர் என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். ஹாங்காங்கில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு வீட்டுப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் பிலிப்பைன்ஸையும் இந்தோனேசியாவையும் சேர்ந்தவர்கள். சிங்கப்பூரிலும் இரண்டரை லட்சத்துக்கு மேல். வீட்டிலிருக்கும் மறதிநோயாளிக்கு மூன்று வேளையும் ஊட்டுவது பல இடங்களில் இவர்களே. பெருநிலத்திலோ மருத்துவமனைக் கட்டிலருகே கூலிக்கு அமர்த்தப்படும் நடுவயதுக் கிராமப் பெண்கள். எந்தக் கஞ்சி இறங்குகிறது, எது இருமலைக் கிளப்புகிறது என்பது இவர்களுக்குத் தெரியும். மருத்துவர் அழைக்கும் குடும்பக் கூட்டத்துக்கு வருவதோ மூத்த மகன். தைவான் மருத்துவர்கள் 'அடிவானத்து உத்தமப் பிள்ளை' என்று கேலியாகக் குறிப்பிடும் ஒருவர் உண்டு: ஆண்டுக்கணக்கில் வெளியூரில் இருந்துவிட்டு, கடைசி வாரத்தில் விமானத்தில் வந்திறங்கி, எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று அதட்டுபவர். இதே ஆளை அமெரிக்க மருத்துவர்கள் 'கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மகள்' என்கிறார்கள். குற்ற உணர்வுக்கும் பயண தூரத்துக்கும் உள்ள உறவு எந்த ஊரிலும் ஒன்றுதான் போலும்.

5. சட்டம்: பொறுப்பும் அதிகாரமும்

சட்டத்தின் நிலை ஊருக்கு ஊர் வேறு. தைவானின் நோயாளர் தன்னுரிமைச் சட்டம் 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முற்றிய மறதிநோயைப் பெயர் சொல்லிச் சேர்த்து, அந்நிலையில் செயற்கை உணவை வேண்டாமென்று முன்கூட்டியே எழுதிவைக்க அது வழி செய்தது. உறவினரும் உடனிருக்க மருத்துவமனையில் கலந்தாலோசனை நடத்திய பிறகே கையெழுத்து. அந்த முடிவு தேசியக் காப்பீட்டு அட்டையில் பதிவாகும். ஷென்ஜென் நகரம் 2023 ஜனவரி முதல் இத்தகைய முன்விருப்பத்தை ஏற்கிறது. பெருநிலத்தில் அதுவே முதல். ஹாங்காங் சட்டமன்றம் 2024 நவம்பரில் உயிர்நீட்டிப்புச் சிகிச்சை குறித்த முன்முடிவுச் சட்டத்தை நிறைவேற்றியது.

இவையெல்லாம் நினைவு தெளிவாக இருக்கும்போது எழுதிவைத்தவர்களுக்கு. இன்று வாய் திறக்க மறுக்கும் முதியோரில் மிகச் சிலரே அப்படி எழுதியிருப்பார்கள். மற்றவர்கள் விஷயத்தில் பெருநிலத்தின் 2021 குடியியல் சட்டத் தொகுப்பு, நோயாளிக்கு விளக்க இயலாவிட்டால் நெருங்கிய உறவினரிடம் விளக்கி ஒப்புதல் பெறச் சொல்கிறது. ஹாங்காங்கில் பிள்ளை என்ற காரணத்தால் மட்டும் ஒருவருக்குச் சிகிச்சையை ஏற்கவோ மறுக்கவோ சட்ட அதிகாரம் கிடைப்பதில்லை. நோயாளியின் நலன் கருதி மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். சிங்கப்பூரிலும் உயிர்நீட்டிப்புச் சிகிச்சை பற்றிய முடிவு நியமிக்கப்பட்ட பிரதிநிதியிடம் இல்லை, மருத்துவரிடமே இருக்கிறது. நடைமுறையிலோ அங்கெல்லாம் கேள்வி குடும்பத்திடம்தான் வருகிறது. அதிகாரம் இல்லாத பொறுப்பு அது. தாயைப் பட்டினி போட்ட மகள் என்ற பழியை ஏற்க எத்தனை பேர் துணிவார்கள்? 'எங்கள் மருத்துவக் குழுவின் பரிந்துரை இது, பொறுப்பு எங்களுடையது' என்று மருத்துவர் வாய்விட்டுச் சொன்னால் அந்தச் சுமையில் பெரும்பகுதி இறங்கும். சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

6. முடிவுத் துணைக் கையேடும் அதன் எல்லையும்

குடும்பங்களுக்கு உதவ இதுவரை உருவான கருவிகளில் முக்கியமானது முடிவுத் துணைக் கையேடு. இரண்டு வழிகளையும், ஒவ்வொன்றிலும் என்ன நடக்கக்கூடும் என்பதையும், எது தமக்கு முக்கியம் என்று எண்ணிப் பார்க்கும் பயிற்சியையும் எளிய நடையில் தருவது அது. குழாய் உணவுக்கான முதல் கையேடுகளில் ஒன்று 2001இல் கனடாவிலிருந்து வந்தது. 2011இல் ஹான்சனும் குழுவினரும் வட கரோலினாவின் 24 முதியோர் இல்லங்களில் 256 நோயாளிகளின் பிரதிநிதிகளிடம் ஒரு கையேட்டைச் சோதித்தார்கள். படித்தவர்களின் தடுமாற்றம் குறைந்தது, விவரம் கூடியது, மருத்துவப் பணியாளர்களோடு அதிகம் பேசினார்கள். குழாய் இரு பிரிவிலும் அரிதாகவே வைக்கப்பட்டது. கவனிக்க வேண்டியது வேறொன்று: கையேட்டுப் பிரிவின் நோயாளிகளுக்கு விழுங்குவதற்கேற்ற பதத்தில் உணவு கிடைப்பது கூடியது. கையேட்டின் பலன் தட்டில் தெரிந்தது.

சீனக் குடும்பங்களுக்கான கையேடு இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். நோயாளிக்குக் கஞ்சி என்பது அங்கே எழுதாத விதி. ஆனால் நீர்த்த கஞ்சியில் நீரும் பருக்கையும் தனித்தனியே நிற்கும்; நீர் முந்திக்கொண்டு மூச்சுக்குழாய்க்குள் ஓட, பருக்கை வாயிலேயே தங்கும். விழுங்கல் கோளாறுக்கு மிக ஆபத்தான உணவுகளில் அதுவும் ஒன்று. தெளிந்த இறைச்சி ரசம், தேநீர், குளிர்கால நாளில் வீடுதோறும் செய்யும் பசையரிசி உருண்டை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அன்பின் அடையாளமாகத் தரப்படுபவை அத்தனையும் தொண்டைக்குப் பகை. உணவின் பதத்தை 0 முதல் 7 வரை வகைப்படுத்தும் பன்னாட்டு அளவுகோல் இன்று சீன மொழியிலும் கிடைக்கிறது; ஹாங்காங்கில் மீனையும் பன்றியிறைச்சியையும் அரைத்துப் பழைய வடிவத்திலேயே வார்த்துத் தரும் மென்னுணவுகள் விற்பனைக்கு வருகின்றன. கஞ்சியைப் பருக்கை தெரியாமல் அரைத்துக் கெட்டியாக்குவது எப்படி என்ற ஒரு பக்கம், புள்ளிவிவரங்கள் நிறைந்த பத்துப் பக்கங்களைவிட அதிக வேலை செய்யும். குழாய் வேண்டாம் என்றால் அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு அதுவே விடை.

கையேட்டின் அடிப்படை அனுமானம் ஒன்றும் இங்கே பொருந்தாது. அமெரிக்கக் கையேடு ஒரு நோயாளிக்கு ஒரு பிரதிநிதி என்று எண்ணி எழுதப்பட்டது. சீனக் குடும்பத்தில் அண்ணன், தம்பி, திருமணமாகிப் போன அக்காள், ஊட்டும் மருமகள் என்று பலர். ஒருவர் தெளிவடைந்தால் சண்டை முடிவதில்லை, தொடங்கவே கூடும். ஒரே நேரத்தில் எல்லோரும் கேட்கும்படி ஒலிப்பதிவாகவோ காணொளியாகவோ அது இருக்க வேண்டும். கண்டனீஸிலும் மாண்டரினிலும் ஹொக்கியனிலும் மட்டும் போதாது, இந்தோனேசிய மொழியிலும் வேண்டும். குழாயைச் சில வாரங்கள் சோதனையாக வைத்துப் பார்க்கலாம் என்ற இடைவழியைப் பல மருத்துவர்கள் முன்வைக்கிறார்கள். உடல் தேறக்கூடிய காரணம் ஒன்று இருந்தால் அது நியாயம். இல்லையென்றால், வைத்த குழாயை எடுப்பது வைக்காமலிருப்பதைவிடப் பிள்ளைகளுக்குக் கனமாக இருக்கும். எடுக்கும் நாளை முன்பே குறித்து எழுதிவைக்காத சோதனை நிரந்தரமாகிவிடும்.

ஒரு தயக்கமும் எனக்குண்டு. இரு வழிகளும் சமமாக இருக்கும் இடத்துக்குத்தான் முடிவுத் துணைக் கருவி பொருத்தம். ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டாமென்று மருத்துவச் சங்கங்களே சொன்ன பிறகு, கையேடு நடுநிலை வகிப்பதாகக் காட்டிக்கொள்வது பாசாங்கு. தன் சாய்வை அது முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொள்வது நல்லது. அதே வேளையில், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குழாயையே தேர்ந்தெடுக்கும் குடும்பத்தைத் தோல்விக் கணக்கில் எழுதவும் கூடாது. 2010இல் பாலசெக்கும் குழுவினரும், குழாய் மறுப்பு என்று எழுதுவதற்குப் பதிலாக 'இதத்துக்காக மட்டும் ஊட்டல்' என்ற மருத்துவ ஆணையை எழுதலாம் என்று முன்மொழிந்தார்கள்: எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்கை விட்டு, முதியவர் விரும்பும்வரை விரும்பியதைத் தருவது, அவதிப்பட்டால் நிறுத்துவது, உணவு இறங்காத வேளையிலும் பக்கத்தில் இருந்து வாயை ஈரப்படுத்துவது. ஊட்டுவது நின்றுவிடவில்லை என்று குடும்பம் தன்னிடமும் ஊரிடமும் சொல்லிக்கொள்ள அது இடம் தருகிறது.

அந்த ஆணையையும் யாரோ ஒருவர்தான் நிறைவேற்ற வேண்டும். ஒரே பிள்ளைத் திட்டம் 1980 முதல் 2015 வரை நடப்பில் இருந்த நாட்டில், இரண்டு பெற்றோருக்கும் இரண்டு மாமனார் மாமியாருக்கும் நடுவே ஒரு தம்பதி நிற்கும் காலம் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே கையேட்டில் ஒரு பக்கம் வாரத்தின் 21 வேளைகளுக்கான கட்டமாக இருக்க வேண்டும்: எந்த வேளையில் யார் ஊட்டுவது, ஊட்டப் பழக்கியது யார், அவருக்குக் கூலி தருவது யார். வார்டில் குழாய் பற்றிய பேச்சை எடுப்பதற்கு முன் மருத்துவரும் சமூகப் பணியாளரும் குடும்பத்தோடும் பணிப்பெண்ணோடும் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை நிரப்பிப் பார்க்கலாம். காலியாக நிற்கும் கட்டங்களுக்கு ஆளும் பணமும் தேடுவது முதியோர் நலத்துறைகளின் வேலை. அதைப் பிள்ளைகளின் தலையில் கட்டும்வரை குழாய்களின் எண்ணிக்கை குறைவதற்குக் காரணமில்லை.